திரும்பச் சேர்த்தால் இரண்டு நாள் ஓடுகிறது, அப்புறம் ‘ஆஃப்லைன்’: பிரிண்டர் எங்கே சிக்குகிறது?

காகிதப்படகு:

வைஃபை உள்ள இங்க் டேங்க் பிரிண்டர், ஸ்கேன், காப்பி எல்லாம் சேர்ந்தது. விண்டோஸ் 11 லேப்டாப். ரூட்டர் மாற்றியதிலிருந்து இந்தத் தொல்லை. பிரிண்ட் கொடுத்தால் க்யூவில் போய் உட்கார்ந்துகொள்கிறது, பிரிண்டர் பெயருக்குக் கீழே ‘ஆஃப்லைன்’ என்று வருகிறது. கேன்சல் செய்தால் ‘டெலீட்டிங்’ என்று காட்டிக்கொண்டே கிடக்கிறது, போவதில்லை. ரீஸ்டார்ட் செய்தாலும் அதே டெலீட்டிங்.

இதுவரை பார்த்தது: பிரிண்டரிலேயே காப்பி எடுத்தால் வருகிறது. போனிலிருந்து கொடுத்தால் உடனே அடிக்கிறது. லேப்டாப்பில் இன்டர்நெட் நன்றாக இருக்கிறது. பிரிண்டரை ரிமூவ் செய்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால் ஓரிரு நாள் ஒழுங்காக ஓடும், பிறகு மறுபடி ஆஃப்லைன். மூன்று முறை இப்படிச் செய்தாயிற்று. இப்போது பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு பிரிண்டர்கள் நிற்கின்றன, ஒன்றின் பின்னால் ‘காப்பி 1’ என்று இருக்கிறது. டிரைவர் (லேப்டாப்பில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்), தயாரிப்பாளர் தளத்தில் உள்ள கடைசிப் பதிப்புதான்.

இன்னொன்று. நீல நிறத்தில் இடையிடையே வெள்ளைக் கோடு விழுகிறது. காப்பி எடுத்தாலும் அப்படித்தான். இரண்டும் ஒரே கோளாறா? டிரைவர் கெட்டுவிட்டதா, விண்டோஸையே புதிதாக ஏற்ற வேண்டுமா?

வரிசைக்காரன்:

விண்டோஸ் ஏற்றுவதெல்லாம் வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

போனிலிருந்து வருகிறது என்றால் பிரிண்டர், இங்க், பேப்பர், பிரிண்டரின் வைஃபை நான்கும் சரி. திரும்பச் சேர்த்தால் ஓடுகிறது என்றால் டிரைவரும் சரி. கெட்டுப்போன டிரைவர் இரண்டு நாள் நல்லபடியாக நடந்துகொண்டு மூன்றாம் நாள் கெடாது. ஊருக்கு இளைத்தவன் டிரைவர் என்பதால் எல்லாரும் அதைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். மிச்சம் இருப்பது, லேப்டாப் எந்த முகவரிக்கு அனுப்புகிறது, பிரிண்டர் உண்மையில் எந்த முகவரியில் இருக்கிறது என்பதுதான். ரூட்டர் மாற்றியபின் தொடங்கியது என்பதும் அங்கேயே கை காட்டுகிறது.

முதலில் க்யூவைக் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் மற்றதைச் சரி செய்தாலும் பழைய வேலை முன்னால் மறித்துக்கொண்டு நிற்கும்.

ஸ்டார்ட் மெனுவில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ (க்யூவைப் பார்த்துக்கொள்ளும் விண்டோஸ் சேவை) மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டாப்’ கொடுங்கள். அந்த ஜன்னலை மூட வேண்டாம். இப்போது சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போல்டருக்குள் போல்டராகப் போங்கள். அனுமதி கேட்டால் ‘கன்டினியூ’. உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கோப்புகள் இருக்கும். எஸ்பிஎல் என்று முடிவது அச்சுக்குப் போக வேண்டிய தரவு. எஸ்எச்டி என்று முடிவது அதோடு போகும் சீட்டு மாதிரி, எந்தப் பிரிண்டருக்கு, யார் கொடுத்தது என்ற விவரம். எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். பிரிண்டர்ஸ் போல்டர் அப்படியே இருக்கட்டும், உள்ளே இருப்பது மட்டும் போனால் போதும். பிறகு சர்வீசஸ் ஜன்னலுக்கு வந்து ‘ஸ்டார்ட்’.

ரீஸ்டார்ட்டில் டெலீட்டிங் போகாததற்குக் காரணம் இந்தக் கோப்புகள்தான். ஸ்பூலர் எழுந்ததும் முதல் வேலையாக இந்தப் போல்டரைப் படித்து க்யூவைத் திரும்ப நிரப்பிக்கொள்ளும். ஸ்பூலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழிக்கப் பார்த்தால், கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்துவிடும். அதனால்தான் முதலில் நிறுத்தச் சொன்னேன்.

அது முடிந்ததும் எனக்கு இரண்டு விவரம் வேண்டும்.

ஒன்று, பிரிண்டரின் இப்போதைய ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதற்கு உள்ள எண். திரை உள்ள பிரிண்டர் என்றால் நெட்வொர்க் மெனுவில் இருக்கும். திரை இல்லாவிட்டால் ‘நெட்வொர்க் ஸ்டேட்டஸ் ஷீட்’ அடிக்க ஒரு பட்டன் சேர்க்கை கொடுத்திருப்பார்கள், மேனுவலில் பாருங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் மேலே எதுவும் செய்யாதீர்கள். பிரிண்டர் ரூட்டரிடமிருந்து முகவரியே வாங்கவில்லை என்று அர்த்தம், அதன் வழி வேறு.

இரண்டு, லேப்டாப் வைத்திருக்கும் முகவரி. செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், அங்கே உங்கள் பிரிண்டர், அதில் ‘பிரிண்டர் பிராப்பர்டீஸ்’, மேலே ‘போர்ட்ஸ்’ டேப். போர்ட் என்பது லேப்டாப் அச்சு வேலையை அனுப்பும் வழி. பக்கத்திலேயே ‘பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்’ என்று ஒன்று இருக்கும், அது பேப்பர் அளவு, கலர் மாற்றும் இடம், அதற்குள் போர்ட் இருக்காது. டிக் விழுந்திருக்கும் வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பிரிண்டர்களுக்கும் பார்த்து எழுதுங்கள்.

நாலுவரி:

அவர் சொன்னதோட இதையும் பாத்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

ஒரே பேர்ல ரெண்டு பிரிண்டர் இருந்தா டிஃபால்ட் எதுன்னு பாருங்க. பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்துல ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’னு ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது ஆன்ல இருந்தா கடைசியா எதுக்கு கொடுத்தீங்களோ அதுதான் டிஃபால்ட். ஒரு தடவை பிடிஎஃபா சேவ் பண்ணாலும் போச்சு, அடுத்த பிரிண்ட் பேப்பருக்குப் பதிலா பிடிஎஃப் ஆகத்தான் போகும். ஆஃப் பண்ணிட்டு நீங்களே ஒண்ணை டிஃபால்ட் ஆக்கிடுங்க.

அப்புறம் சோதிக்கிறதுக்கு பிரவுசர்லேர்ந்தோ பெரிய பிடிஎஃப்லேர்ந்தோ கொடுக்காதீங்க. நோட்பேட்ல ரெண்டு வரி அடிச்சு அதைக் கொடுங்க. அது வந்து மத்தது வரலைன்னா கோளாறு அந்த புரோகிராம்ல, பிரிண்டர்ல இல்ல.

லேப்டாப்ல விபிஎன் (இணைப்பை வேற சர்வர் வழியா சுத்தி அனுப்புற புரோகிராம்) ஓடுதான்னும் பாருங்க. சில விபிஎன் வீட்டு நெட்வொர்க்கையே மறைச்சுடும். இன்டர்நெட் ஜோரா ஓடும், பிரிண்டர் மட்டும் காணாம போயிடும்.

காகிதப்படகு:

விபிஎன் இல்லை. க்யூ காலியாகிவிட்டது, டெலீட்டிங் போயே போய்விட்டது. உள்ளே பதினாலு கோப்புகள் இருந்தன.

முதல் பிரிண்டரின் போர்ட்: 192.168.1.23. ‘காப்பி 1’ உள்ளதில் டபிள்யூஎஸ்டி என்று தொடங்கி நீளமாக எண்ணும் எழுத்தும். பிரிண்டர் திரையில் காட்டும் முகவரி 192.168.1.41. பிரவுசரில் 41 என்று முடியும் முகவரியைப் போட்டால், ‘இது பாதுகாப்பான இணைப்பு அல்ல’ என்று எச்சரித்துவிட்டு பிரிண்டரின் பக்கம் திறக்கிறது, இங்க் அளவுகூடக் காட்டுகிறது. 23 போட்டால் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது.

வரிசைக்காரன்:

அப்படியானால் முடிந்தது. லேப்டாப் இத்தனை நாளும் காலி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

நடப்பது இதுதான். ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுக்கும். பல வீட்டு ரூட்டர்களில் அது 24 மணி நேரம். கருவி இயங்கிக்கொண்டிருந்தால் கெடு முடிவதற்குள் தானே புதுப்பித்துக்கொள்ளும். பிரிண்டரை இரவில் அணைத்து ஒரு நாள் கழித்து எழுப்பினால் அந்தப் பழைய எண் தனக்கே கிடைக்கும் என்று நிச்சயம் இல்லை. நீங்கள் ரிமூவ் செய்து சேர்க்கும்போது விண்டோஸ் பிரிண்டரைத் தேடிப் பிடித்து, அந்த நேரத்து முகவரியில் ஒரு புது போர்ட் போடுகிறது. ஓடுகிறது. முகவரி மாறியதும் அந்த போர்ட் செத்துவிடுகிறது. உங்கள் ‘இரண்டு நாள்’ கணக்கு இதுதான். போனில் ஏன் வருகிறது என்றால், போன் எண்ணை நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் ‘இங்கே பிரிண்டர் யார் இருக்கிறீர்கள்’ என்று நெட்வொர்க்கில் குரல் கொடுத்து, பதில் சொல்பவருக்கு அனுப்புகிறது.

டபிள்யூஎஸ்டி போர்ட்டும் தேடிப் பிடிக்கும் வகைதான். ஆனால் அந்த விசாரிப்புக்கு ஒரு முறை பதில் வராமல் போனாலும் ஆஃப்லைன் என்று முடிவு கட்டிவிடும். பிரிண்டர் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்போது இது அடிக்கடி நடக்கும். வீட்டு உபயோகத்துக்கு நான் அதை நம்புவதில்லை.

செய்ய வேண்டியது:

1. பிரிண்டரின் நெட்வொர்க் பக்கத்தில் மேக் முகவரியை, அதாவது கருவியோடு வரும் அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாகப் பிரித்து மொத்தம் 12 எழுத்து, எண் இருக்கும். கேபிள் போடும் வசதியும் உள்ள மாடல் என்றால் மேக் முகவரி இரண்டு இருக்கும், வைஃபைக்கு உரியதை எடுங்கள். இங்கே தவறினால் அடுத்த படி வேலை செய்ததுபோலவே தோன்றும், ஆனால் ஒன்றும் நடக்காது.

2. ரூட்டர் பக்கத்தில் நுழைந்து டிஹெச்சிபி (முகவரிகளைப் பங்கிடும் வசதி) பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘ஸ்டாட்டிக் லீஸ்’ என்று இருப்பதைத் தேடுங்கள். அந்த மேக் முகவரிக்கு 192.168.1.41 என்றே எழுதி வையுங்கள். இருக்கும் எண்ணையே நிலையாக்கினால் குழப்பம் குறைவு. சேமித்துவிட்டு பிரிண்டரை அணைத்துப் போடுங்கள்.

3. லேப்டாப்பில் அதே ‘போர்ட்ஸ்’ டேப். ‘ஆட் போர்ட்’, ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’, ‘நியூ போர்ட்’. முகவரி கேட்கும் இடத்தில் 192.168.1.41. பட்டன் மங்கலாக இருந்தால் ‘ஜெனரல்’ டேப்பில் ‘சேஞ்ச் பிராப்பர்டீஸ்’ அழுத்திவிட்டு வாருங்கள், அட்மின் அனுமதி வேண்டும். கருவி வகை தெரியவில்லை என்று கேட்டால் ‘ஜெனெரிக் நெட்வொர்க் கார்டு’ போதும்.

4. புது போர்ட்டில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ‘கான்ஃபிகர் போர்ட்’ அழுத்துங்கள். புரோட்டோகால் ‘ரா’, எண் 9100. கீழே ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு’ என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் பிரிண்டரின் நலம் விசாரிக்கப் பயன்படுத்தும் வழி அது. பல வீட்டு பிரிண்டர்கள் அதற்குப் பதில் சொல்வதில்லை, உடனே விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என்று பலகை மாட்டிவிடும். பிரிண்டர் முழித்துக்கொண்டு பக்கத்தில்தான் இருக்கும்.

5. ‘ஜெனரல்’ டேப்பில் ‘பிரிண்ட் டெஸ்ட் பேஜ்’. வந்ததும் ‘காப்பி 1’ ஐ ரிமூவ் செய்துவிடுங்கள்.

டிரைவரைத் தொட வேண்டியதே இல்லை.

செம்புக்கம்பி:

மேலே சொன்னதில் நான்காவது படிக்கு ஒரு திருத்தம். எல்லா வீட்டு பிரிண்டர்களும் 9100 இல் ரா தரவை வாங்குவதில்லை. சில தயாரிப்பாளர்கள் மலிவு மாடல்களில் தங்கள் சொந்த போர்ட்டைத்தான் டிரைவரோடு போடுகிறார்கள். போர்ட்ஸ் பட்டியலில் ஐபி முகவரிக்குப் பதில் தயாரிப்பாளரின் சுருக்கப் பெயர் ஒட்டிய வரி தெரிந்தால் அந்த வகை. அதை விட்டுவிட்டு டிசிபி/ஐபி போர்ட்டுக்கு மாற்றினால் வேலை க்யூவிலிருந்து போவதுபோல் இருக்கும், காகிதம் அசையாது. காகிதப்படகு, உங்களுடையது ஏற்கெனவே எண் போர்ட்டில் ஓடியிருப்பதால் பயமில்லை. வேறு யாராவது இதைப் படித்து அப்படியே செய்யப் போகிறார்களே என்றுதான் சொல்கிறேன்.

அவர்களுக்கு ஐபிபி, அதாவது பிரிண்டர்களுக்கான பொதுவான நெட்வொர்க் அச்சு முறை, நல்ல வழி. பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் ‘ஆட் டிவைஸ்’ கொடுத்துச் சில நொடி காத்திருந்தால் ‘ஆட் மேனுவலி’ வரும். அதில் ஐபி முகவரி அல்லது ஹோஸ்ட்நேம் கொண்டு சேர்ப்பதைத் தேர்ந்து, வகை ‘ஐபிபி டிவைஸ்’. இது போர்ட் 631 வழியாகப் பேசும், தயாரிப்பாளர் டிரைவர் இல்லாமலே பெரும்பாலான புது மாடல்கள் அடிக்கும். இழப்பும் உண்டு. பார்டர்லெஸ், விசேஷ பேப்பர் வகை, இங்க் அளவு போன்றவை குறைந்துபோகலாம்.

வருங்காலத்தில் எப்படியும் அந்தப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். தயாரிப்பாளர்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தாயிற்று. விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில் ‘விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்’ என்று ஒரு வசதியும் இருக்கிறது. அதை ஆன் செய்தால் தயாரிப்பாளர் டிரைவரில் ஓடும் பிரிண்டர்கள் போய்விடும், மோப்ரியா (டிரைவர் இல்லாமல் அச்சிடுவதற்கான பொதுத் தரம்) சான்றுள்ளவை மட்டும் நிற்கும். பழைய பிரிண்டர் ‘திடீரென்று பட்டியலிலேயே இல்லை’ என்பவர்கள் முதலில் இந்த ஸ்விட்சைப் பாருங்கள்.

திண்ணைவாசி:

ரூட்டருக்குள் போகவே வேண்டாமே. பிரிண்டர் மெனுவில் ஐபியை மேனுவல் ஆக்கி 192.168.1.41 என்று அடித்துவிட்டால் அதோடு தீர்ந்தது.

செம்புக்கம்பி:

தீராது, அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ரூட்டர் 192.168.1.2 முதல் 254 வரை எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும்படி வைத்திருந்தால், பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் 41 ஐ இன்னொரு போனுக்குக் கொடுத்துவிடும். பிரிண்டர் எழுந்ததும் இரண்டு பேர் ஒரே எண்ணில். ஒரு நேரம் அடிக்கும், ஒரு நேரம் அடிக்காது. ஆஃப்லைனாவது ஒரு நிலையான கோளாறு, இதைக் கண்டுபிடிப்பது அதைவிடத் தலைவலி. மேனுவலாகத்தான் போடுவேன் என்றால் முதலில் ரூட்டரில் டிஹெச்சிபி வரம்பை 100 முதல் 200 என்று சுருக்கிவிட்டு, அந்த வரம்புக்கு வெளியே, 50 மாதிரி ஒரு எண்ணைக் கொடுங்கள். அதற்கும் ரூட்டருக்குள் போய்த்தான் ஆக வேண்டும், அப்படியிருக்க ரிசர்வேஷனே செய்துவிடலாம். மேனுவலில் இன்னொரு சங்கடம், அடுத்த ரூட்டர் 192.168.0 வரிசையில் வந்தால் பிரிண்டர் தனித்தீவு ஆகிவிடும்.

திண்ணைவாசி:

சரி, வரம்புக்கு வெளியே என்பதை நான் சேர்த்திருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன்.

ரூட்டர் மாற்றியவர்களுக்கு இன்னும் இரண்டு. 169.254 வருகிறது அல்லது வைஃபையிலேயே சேர மறுக்கிறது என்றால், பிரிண்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும் என்பதை முதலில் நினையுங்கள். விலை குறைந்த மாடல்கள் நிறைய அப்படி. புது ரூட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கலந்து கொடுத்தால் சில பிரிண்டர்கள் தடுமாறும், 2.4 க்குத் தனிப் பெயர் வைத்துப் பாருங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர் உள்ளேயே வர முடியாது. 2 உம் 3 உம் கலந்த முறைக்கு மாற்ற வேண்டும்.

சேர்ந்துவிட்டது, முகவரியும் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் எந்தக் கருவியிலிருந்தும் எட்டவில்லை என்றால் பிரிண்டர் ‘கெஸ்ட்’ நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்டில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரூட்டர் மறித்து வைத்திருக்கும், இன்டர்நெட் மட்டும்தான். லேப்டாப் 5 இலும் பிரிண்டர் 2.4 இலும் இருப்பது மட்டும் ஒரு குற்றமும் இல்லை. இரண்டும் ஒரே வீட்டு நெட்வொர்க்காக இருந்தால் போதும்.

கேபிள்மணி:

வைஃபை பற்றியே பேசுகிறீர்கள். யுஎஸ்பி கேபிளில் இருப்பவர்களுக்கும் இதே ‘காப்பி 1’ கதை உண்டு, காரணம் மட்டும் வேறு. கேபிளை லேப்டாப்பின் வேறொரு துளையில் செருகினால் விண்டோஸ் சில சமயம் அதைப் புது பிரிண்டராக எடுத்துக்கொண்டு யுஎஸ்பி002 என்று இன்னொரு போர்ட் போடும். நீங்கள் பழைய பெயருக்குக் கொடுப்பீர்கள், அது யுஎஸ்பி001 இல் யாருக்காகவோ காத்திருக்கும். போர்ட்ஸ் டேப்பில் டிக்கை 002 க்கு மாற்றினால் உடனே அடிக்கும். பழைய துளையிலேயே திரும்பச் செருகினாலும் சரி.

கேபிள் நீளம் 5 மீட்டருக்கு மேல் வேண்டாம், யுஎஸ்பி 2.0 இன் எல்லை அது. நீளக் கேபிளும் ஹப்பும் சேர்ந்தால் சின்ன கோப்பு போகும், படம் உள்ள பக்கம் பாதியில் நிற்கும். ஹப்பை எடுத்துவிட்டு நேராகச் செருகிப் பார்ப்பதற்கு முன் டிரைவர் பக்கம் போகாதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், டிரைவரையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் பிரிண்டரை ரிமூவ் செய்வது மட்டும் போதாது. பெயர்தான் போகும், டிரைவர் உள்ளேயே இருக்கும், திரும்பச் சேர்க்கும்போது அதே பழையது வந்து உட்காரும். பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தின் கீழே ‘பிரிண்ட் சர்வர் பிராப்பர்டீஸ்’, ‘டிரைவர்ஸ்’ டேப், அதில் தேர்ந்து ‘ரிமூவ்’, ‘டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்’. பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்து உடனே முயலுங்கள்.

மைத்துளி:

வெள்ளைக் கோட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. காப்பி எடுத்தாலும் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காப்பியில் கம்ப்யூட்டருக்குப் பங்கே இல்லை, ஆகவே இது தனிக் கோளாறு. ஹெட்டில், அதாவது தாளில் மையைத் தெளிக்கும் பகுதியில், நீலத் துளைகள் சில அடைத்திருக்கின்றன.

பிரிண்டரிலிருந்தே ‘நாசில் செக்’ அடியுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் வரும். நீலக் கட்டத்தில் எந்தெந்தப் படி இல்லையோ அந்தத் துளை ஊதவில்லை. பிறகு ஒரு முறை ‘ஹெட் கிளீனிங்’, மறுபடி நாசில் செக். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுபட்ட படி குறைந்தால் இன்னொரு முறை செய்யலாம். மூன்றாவது முறையும் அப்படியே இருந்தால் நிறுத்திவிட்டு, பிரிண்டரை அணைத்து ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காய்ந்த மை ஊறிக் கரைவதற்கும், குழாயில் சின்னக் காற்றுக் குமிழி இருந்தால் மேலேறிப் போவதற்கும் நேரம் வேண்டும். காலையில் ஒரு கிளீனிங் கொடுத்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

பொறுமையில்லாமல் பத்து முறை கிளீனிங் அழுத்துவது கெடுதல். ஒவ்வொரு முறையும் நல்ல நிறங்களிலிருந்தும் மையை உறிஞ்சி அடியில் உள்ள கழிவு மை பஞ்சில் கொட்டும். பஞ்சு நிறைந்துவிட்டது என்று பிரிண்டர் கணக்குப் போட்டால், மாற்றும்வரை ஒரு பக்கம்கூட அடிக்காமல் பூட்டிக்கொள்ளும். டேங்கில் நீலம் கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்பதைக் கிளீனிங்குக்கு முன்னால் கண்ணால் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இருக்கும்போது உறிஞ்சினால் மையோடு காற்றும் ஏறும்.

நாசில் செக்கில் ஒரு படியும் விடுபடவில்லை, ஆனாலும் சுமார் 2.5 செ.மீ. இடைவெளியில் ஒழுங்காகக் கோடு விழுகிறது என்றால் அடைப்பு இல்லை. ‘ஹெட் அலைன்மென்ட்’ செய்யுங்கள், டிரேயில் இருக்கும் பேப்பர் வகையும் செட்டிங்கில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள்.

வரிசைக்காரன் ‘அணைத்துப் போடுங்கள்’ என்றதைப் பார்த்துப் பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். எப்போதும் பிரிண்டரின் பவர் பட்டனால் அணையுங்கள். அப்போதுதான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்தால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நின்று காயும், இந்த மாதிரிக் கோட்டுக்கு அதுவே பெரிய காரணம். லேசர் பிரிண்டரில் இந்தக் கவலையே கிடையாது, டோனர் பொடி காய என்ன இருக்கிறது.

காகிதப்படகு:

ரிசர்வேஷன் போட்டு, புது போர்ட் போட்டு, எஸ்என்எம்பி டிக்கை எடுத்தேன். டெஸ்ட் பேஜ் வந்தது. பிரிண்டரை இரண்டு நாள் அணைத்து வைத்திருந்து எழுப்பினேன், அதே 41 இல்தான் இருக்கிறது, ஆஃப்லைன் வரவில்லை. நாசில் செக்கில் நீலத்தில் ஆறு படிகள் விடுபட்டிருந்தன, இரண்டு கிளீனிங்கும் ஒரு ராத்திரியும் ஆனபின் ஒன்றுதான் பாக்கி.

ஒன்று மட்டும் புரியவில்லை. நோட்பேட், வேர்டு எல்லாம் வருகிறது. டவுன்லோடு செய்த ஒரு பிடிஎஃப் படிவம் மட்டும் கொடுத்தால் க்யூவில் ‘பிரிண்டிங்’ என்று வருகிறது, ஆஃப்லைன் இல்லை, ஆனால் பிரிண்டரில் பேப்பர் விளக்கு சிமிட்டுகிறது. டிரேயில் தாள் நிறைய இருக்கிறது. எடுத்துத் தட்டித் திரும்ப வைத்தும் அப்படியே.

வரிசைக்காரன்:

உங்கள் டிரேயில் ஏ4 இருக்கிறது, கோப்பு லெட்டர் கேட்கிறது. பேப்பர் விளக்கு ‘தாள் இல்லை’ என்பதற்கு மட்டும் இல்லை, ‘கேட்ட அளவுத் தாள் இல்லை’ என்பதற்கும் அதேதான். ஏ4 என்பது 210க்கு 297 மி.மீ., லெட்டர் 216க்கு 279. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பிரிண்டர் விடாது.

பிடிஎஃப் ரீடரில் கோப்பைத் திறந்து ‘பிராப்பர்டீஸ்’ போனால் பக்கத்தின் அளவு தெரியும். பிரிண்ட் ஜன்னலில் பேப்பர் அளவை ஏ4 ஆக்கி, ‘ஃபிட்’ தேர்ந்து கொடுங்கள். ‘சூஸ் பேப்பர் சோர்ஸ் பை பிடிஎஃப் பேஜ் சைஸ்’ என்று ஒரு டிக் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் என்ன தேர்ந்தாலும் கோப்பு சொல்வதுதான் பிரிண்டருக்குப் போகும். நிற்கும் வேலையைப் பிரிண்டரிலேயே கேன்சல் பட்டன் அழுத்தி முதலில் வெளியேற்றிவிடுங்கள்.

புதுப் பிரிண்டர் சேர்த்ததும் சில சமயம் டிரைவரின் இயல்பான அளவே லெட்டராக இருக்கும். நான் முதலில் வேண்டாம் என்ற அந்த ‘பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்’ இருக்கிறதே, அங்கே போய் ஏ4 என்று வைத்துவிடுங்கள். பிரிண்டரின் சொந்த மெனுவில் டிரே அளவு என்று தனியாக இருந்தால் அதுவும் ஏ4.

நாலுவரி:

அளவை மாத்தியும் அந்தப் படிவம் வெள்ளைத் தாளா வந்தாலோ எழுத்து கட்டம் கட்டமா வந்தாலோ, ரீடர்ல ‘அட்வான்ஸ்டு’ போயி ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ டிக் பண்ணுங்க. எழுத்துரு சிக்கல் இருக்கிற கோப்புக்கு அதுதான் மருந்து. மெதுவாத்தான் போகும், எழுத்து கொஞ்சம் மழுங்கலாவும் வரும். அதனால அந்தக் கோப்பு முடிஞ்சதும் மறக்காம டிக்கை எடுத்துடுங்க.